ஆறு மில்லிமீட்டர்

ஆறு. இங்கேயும் ஆறு. அந்தப் பக்கமும் ஆறுதான். ஸ்கேலைத் திருப்பி வைத்தால் ஏழாகிவிடுமா என்ன? கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்? துடைத்தாயிற்று, இரண்டு தரம். ஒருவேளை இது அந்தப் பெண்ணுடைய தட்டாக இல்லாமல் வேறு யாருடையதாவது இருந்தால்... சீ, என்ன புத்தி இது. வேறு யாருடையதாக இருந்தாலும் அங்கேயும் ஒருத்தி படுத்துத்தானே இருப்பாள்.

தட்டக்கா ஸ்கேலைக் கீழே வைத்தாள். வைத்த கை சும்மா இருக்கமாட்டாமல் அதை மறுபடி எடுத்தது.

தட்டுகளால் வந்த பெயர் அது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக்கூடத்தில், நோயாளியின் ரத்தத்திலோ சீழிலோ ஒளிந்திருக்கும் கிருமியை உள்ளங்கை அகலத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. வளர்ந்ததை இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் மருந்தில் ஊறிய பொட்டளவு காகித வில்லைகளை வைப்பாள். மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தின் வில்லையைச் சுற்றிக் கிருமி அண்டாத வெற்று வட்டம் விழுந்திருக்கும். வேலை செய்யாத மருந்தென்றால் கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து, பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்வதுபோல அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். வட்டமே விழாவிட்டால் ஆறு என்று எழுதுவது வழக்கம், ஏனென்றால் காகித வில்லையின் அகலம் ஆறு. ஆறு என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறாள். யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

அன்றைய தட்டில் ஐந்து வில்லைகள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் போடும் நான்கு முதல் வரிசை மருந்துகளுக்கும் ஆறு, ஆறு, ஆறு, ஆறு. ஐந்தாவது மருந்துக்கு மட்டும் இருபத்தாறு. அழகான வட்டம், தண்ணீர்க் குவளை வைத்து எடுத்த ஈரத்தடம் மாதிரி. அந்த ஐந்தாவதுக்குக் காப்பு மருந்து என்று பெயர். அது கீழ்த்தளத்தில், மருந்தறையில், பூட்டிய அலமாரியில் இருந்தது.

அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வார்டில் கிடக்கும் பஸ் கண்டக்டர் பெண்ணின் கணவர். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டது அந்தப் பெண்ணுக்கு. இரண்டு நாளாக அவர் இந்தப் படியை விட்டு நகரவில்லை.

"அக்கா, பூச்சி வளந்துருச்சா?"

"வளந்துருச்சு தம்பி. என்ன பூச்சின்னும் தெரிஞ்சுருச்சு."

"அப்பாடா. பேர் தெரிஞ்சவனை ஒரு வழி பண்ணிடலாம்." எழுந்து நின்றார். "இப்ப போடுற ஊசிக்கு அது மசியுதா?"

அவள் தாளை மடித்தாள்.

"மசியலை," என்று அவரே சொல்லிக்கொண்டார். "எனக்கே தெரியும்கா. நாலு நாளா அதே ஊசி, அதே காய்ச்சல். நேத்து சாயங்காலத்திலேர்ந்து என்னைப் பார்த்து 'டிக்கெட் எடுத்தாச்சா'ன்னு கேக்குறா. எடுத்தாச்சும்மான்னு சொல்றேன். எங்க இறங்கணும்னு கேட்டா என்னக்கா சொல்றது?"

"வேற மருந்து இருக்கு தம்பி. நல்லா கேக்குது."

"எங்க இருக்கு? சொல்லுங்க, ஓடிப்போய் வாங்கிட்டு வர்றேன்."

"வெளிக்கடையில விக்கமாட்டாங்க. இங்கயே கீழதான் இருக்கு."

"கீழயா?" அவர் படிக்கட்டின் அடியைப் பார்த்தார். "நான் உக்காந்திருக்கிற படிக்குக் கீழயா?"

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். அவர் கேட்டதற்கு 'ஆமாம்' என்று சொல்ல முடியவில்லை. காரணம், அந்தப் பூட்டே அவள் போட்டதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்பு, ஜலதோஷத்துக்கும் சிராய்ப்புக்கும் எல்லா மருந்தையும் அள்ளி இறைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவள் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போனாள். ஒரே மருந்தின் வட்டம் வருஷா வருஷம் சுருங்குவதை அதில் குறித்து வைத்திருந்தாள். இருபத்துநாலு, பத்தொன்பது, பதிமூன்று, ஆறு. "ஒண்ணையாவது பூட்டி வைங்க சார், நிஜமாத் தேவைப்படுறவங்களுக்கு" என்றாள். அவள் சொல்லி அங்கே நடந்த ஒரே காரியம் அது. மருந்துக் காப்புக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். பூட்டு வந்தது. பிறகு பூட்டுக்கு ஒரு படிவம் வந்தது. படிவத்துக்கு ஒரு துணைக்குழு வந்தது. நிஜமாகத் தேவைப்படுகிறவர்கள் என்ற இரண்டு சொற்கள் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன.

இப்போது காப்பு மருந்து வேண்டுமென்றால் படிவம் பதினொன்றை நிரப்ப வேண்டும். பதினான்கு பக்கம். 'இம்மருந்தைக் கொடுக்காவிட்டால் நோயாளி இறப்பார் என்பதற்கு ஆதாரம் என்ன?' என்று ஒரு கேள்வி. 'கொடுத்தால் பிழைப்பார் என்பதற்கு உத்தரவாதம் யார்?' என்று அடுத்த கேள்வி. போன வருஷம் ஒரே ஒருவருக்கு இந்தப் படிவம் முழுதாக நிரப்பப்பட்டது. குழு அதைப் பன்னிரண்டாம் நாள் பரிசீலித்து, 'தேவை தீர்ந்தது' என்று எழுதிக் கோப்பை மூடியது. தீர்ந்துதான் போயிருந்தது.

மூன்றாம் வார்டில் டாக்டரம்மா நின்றுகொண்டே படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். வார்டில் இரண்டு நாற்காலிகள் இருந்தும் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, சொல்லுங்க, நாலும் போச்சா?"

"போச்சு டாக்டர். காப்பு மட்டும் இருபத்தாறு."

"அது போதும்." தாளை வாங்கினாள். பிறகு நிமிர்ந்து, "ஆமா, முதல் வரிசை வில்லையெல்லாம் வாங்குறதை நிறுத்திட்டாங்களே, எப்படி வெச்சீங்க?"

"பழைய டப்பா ஒண்ணு குளிர்பெட்டியில இருந்துச்சு. காலாவதியாக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. எல்லா மருந்துக்கும் மசியுற சாதுக் கிருமி ஒண்ணு வளத்துக்கிட்டிருக்கேன்ல, முதல்ல அதுமேல வெச்சுப் பார்த்தேன். வில்லையில குறையில்லை. நல்லா வட்டம் விழுது."

வில்லை வாங்குவதை நிறுத்திய கதை எட்டு மாதப் பழசு. முதல் வரிசை மருந்துகளுக்குக் கிருமி மசியாத கணக்கு நூற்றுக்கு அறுபத்தெட்டு என்று ஏறியபோது, குழு மூன்று நாள் கூடி ஆராய்ந்தது. அந்த வில்லைகளை வைப்பதால்தான் இந்த எண் வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, அவற்றை வாங்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே அறுபத்தெட்டு ஒன்பதாக இறங்கியது. அதற்காகத்தான் தரச்சான்று கொடுக்கும் குழு அன்று நாலு மணிக்கு வருவதாக இருந்தது.

"ஆனா படிவத்துல நாலாவது கேள்வி," என்றாள் டாக்டரம்மா, "'முதல் வரிசை மருந்துகள் நான்கும் பயன்படவில்லை என்பதற்குப் பரிசோதனை அறிக்கை இணைக்கவும்'னு இருக்கு. சோதிக்கவும் கூடாது, சோதிச்ச ரிப்போர்ட்டும் வேணும். இதை யோசிச்சவர் யாருக்கா? அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்."

கட்டிலில் கண்டக்டர் பெண் கண்ணை மூடிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இல்லாத டிக்கெட்டை இல்லாத புத்தகத்திலிருந்து கிழித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"காய்ச்சல் எவ்வளவு?" என்று தட்டக்கா கேட்டாள்.

"தொட்டுப் பார்த்துக்குங்க. வார்டு தெர்மாமீட்டரைக் காலையில அலமாரிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

போயிருந்தது உண்மைதான். காப்பு மருந்தின் அலமாரிக்கு ஒரு மணிக்கு ஒருமுறை வெப்பம் குறிக்க வேண்டும் என்பது தரச்சான்றின் நிபந்தனை. உடம்புக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் குளிர்ந்த அலமாரிக்குள் வைத்தால் அது எதையும் காட்டாது. எதையும் காட்டாததால் 'வெப்பம் ஏறவில்லை' என்று ஒரு மணிக்கு ஒருமுறை எழுதினார்கள். அலமாரிக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவும் போட்டிருந்தார்கள், வருகிறவர்கள் மருந்து முழுசாக இருப்பதைப் பார்க்கட்டும் என்று. உள்ளே நாற்பது குப்பிகள். அடுத்த மாதக் கடைசியில் காலாவதி. அதுவரை ஒன்றுகூடக் குறையாமல் காப்பாற்றிவிட்டால், நாற்பதையும் முறைப்படி அழித்துவிட்டு வேறு நாற்பது வாங்க ஏற்பாடாகியிருந்தது.

"ரெண்டு மணிக்கு அவசரக் கூட்டமாம். நம்ம படிவத்துக்காகத்தான்," என்றாள் டாக்டரம்மா. "உங்களையும் வரச்சொன்னாங்க. தட்டையும் எடுத்துக்கிட்டு வாங்கக்கா. கண்ணால பார்த்தா மனசு மாறுவாங்க."

நடுவில் இரண்டு மணி நேரம் இருந்தது. தட்டக்காவால் சாப்பிட முடியவில்லை. நாலு தட்டை எடுத்தாள், அளக்காமல் வைத்தாள். ஜன்னல் வரை போனாள். கணவருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "உனக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்றார்.

"எட்டு."

"அப்ப தட்டைக் காட்டு, வாயைக் காட்டாதே."

எனக்கு எப்போது வாய் இருந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டில் அண்ணன்கள் பேசினார்கள், புகுந்த வீட்டில் மற்றவர்கள் பேசினார்கள். இங்கே அறிக்கை பேசுகிறது என்ற ஒரு திருப்திதான். இந்தக் கிருமிகளைப் பார்த்தால் சில நாள் அவளுக்கு வெட்கமில்லாத பொறாமை வரும். கண்ணுக்குத் தெரியாத ஜந்து, தலையில் எதைக் கொட்டினாலும் எவ்வளவு திமிராக நிற்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது அதற்கு? நாம்தான். அரைகுறை மருந்தாக, அளவில்லாத மருந்தாகக் கொடுத்துக் கொடுத்து நாமே பழக்கினோம். என்னை யாரும் அப்படிப் பழக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கூட்ட அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர். அவர் பக்கத்தில் புதுக் கோப்புகளோடு தர அதிகாரி, சிரித்த முகத்துப் பெண்மணி. ஓரத்தில் மருந்தறைக்காரர், அலமாரிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. எதிரே டாக்டரம்மா, நின்றபடி. தட்டக்கா தட்டை மேஜைமேல் வைத்தாள். தர அதிகாரி தன் கோப்புகளை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்.

தலைவர் முதலில் ஐந்து நிமிஷம் பேசினார்.

"மருந்துங்கிறது ஒரு பொக்கிஷம். பொக்கிஷத்தைச் செலவு பண்றவனை உலகம் என்ன சொல்லும்? நோயாளிங்க வருவாங்க, போவாங்க. மருந்து போனா வராது. ஒரு வருஷமா காப்பு மருந்து உபயோகம் நம்ம ஆஸ்பத்திரியில பூஜ்யம். அக்கம்பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியாவது இப்படி மார்தட்டிக்க முடியுமா? அங்கல்லாம் யாரோ பிழைக்கணும்னு எடுத்துக் குடுத்துடறாங்க. கட்டுப்பாடு இல்லை. ஏம்ப்பா, எத்தனை குப்பி?"

"நாற்பது சார்," என்றார் மருந்தறைக்காரர். "போன வருஷமும் நாற்பது."

"பாத்தீங்களா."

"சார், மூணாம் வார்டு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கிட்டிருக்கு," என்றாள் டாக்டரம்மா. "நாலு மருந்தும் பயன்படலைன்னு ரிப்போர்ட் இருக்கு. இப்பவே ஆரம்பிச்சாத்தான்..."

"அந்த ரிப்போர்ட்லதான் சிக்கல்," என்றார் தர அதிகாரி அன்பாக. "எதிர்ப்பு இருக்கான்னு பார்க்கக் கூடாதுன்னு தீர்மானிச்ச மருந்துங்களுக்கு எதிர்ப்பு இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நாம தேடிப் போனதாலதானே கிடைச்சுது? அவங்கவங்க வீட்டு அலமாரியைக் குடைஞ்சா கரப்பான்பூச்சி இருக்கத்தான் செய்யும். விருந்தாளி வர்ற நாள்லயா குடையுறது?"

தலைவர் அறிக்கையைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார்.

"ஏம்மா, ஆறுன்னு போட்டிருக்கீங்களே, இது என்ன ஆறு?"

"அது வில்லையோட அகலம் சார். வட்டமே விழலை."

"விழலைன்னா பூஜ்யம்னுல்ல போடணும்?"

"காகிதம் இருக்கிற இடத்தைக் கழிக்க மாட்டோம் சார். அதான் ஆறு."

"காகிதம் இருக்கிற இடத்துல கிருமி தெரியுதா?"

"தெரியாது சார். காகிதம் மறைச்சுக்கிட்டு..."

"தெரியலைல்ல?" தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப ஆறு மில்லிமீட்டருக்குக் கிருமி இல்லை."

தர அதிகாரி அதை எழுதிக்கொண்டார். தட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததால் அது பாதியில் நின்றது.

"ஒரு மருந்துக்கு ஆறு," தலைவர் விரல் மடக்கினார். "நாலு மருந்துக்கும் ஆறு. நாலாறு இருபத்துநாலு. காப்பு மருந்து எவ்வளவு?"

"இருபத்தாறு," என்றார் தர அதிகாரி.

"ரெண்டுதான் வித்தியாசம்! ரெண்டு மில்லிமீட்டர்! இந்த ரெண்டு மில்லிமீட்டருக்காகவா ஒரு வருஷப் பேரைக் கெடுக்கச் சொல்றீங்க? நாலையும் ஒண்ணாச் சேர்த்துக் குடுங்க. அஞ்சாவதா இன்னொண்ணையும் சேர்த்தா முப்பது. காப்பு மருந்தையே தாண்டிடும்."

டாக்டரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "சார், நாலு காலி பாட்டிலைச் சேர்த்தா ஒரு நிறைஞ்ச பாட்டில் ஆகுமா?"

"இந்த மாதிரி அவநம்பிக்கையாப் பேசுறதை எல்லாம் மூணாம் வார்டோட வெச்சுக்கணும் டாக்டர்."

"தட்டைப் பாருங்க சார், தயவுசெஞ்சு. ஒரே ஒரு தடவை."

தலைவர் தட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் உண்மையாகவே பார்த்தார். அந்த இருபத்தாறு மில்லிமீட்டர் வட்டத்தில் அவர் கண் நின்றது. "அழகா இருக்கு," என்றார். "எவ்வளவு சக்தி பாத்தீங்களா? இதைப் போய்ச் செலவு பண்ணச் சொல்றாங்களே."

தர அதிகாரி தயாராக ஒரு தாள் வைத்திருந்தார். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுத் தட்டச்சு செய்த தாள். அந்த இடத்தில் இப்போது பேனாவால் எழுதினார். 'திருத்திய அறிக்கை. முதல் வரிசை மருந்துகள் நான்கும் கூட்டாக: இருபத்துநான்கு மில்லிமீட்டர். திருப்திகரம். காப்பு மருந்து: தேவையில்லை.' அடியில் ஒரே ஒரு கோடு, தட்டைப் படித்தவர் கையெழுத்துக்காக.

"நீங்க மட்டும்தாம்மா போட முடியும்," என்று தாளை நகர்த்தினார். "இந்த ஆஸ்பத்திரியில தட்டு படிக்கத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லை. அது உங்களுக்குப் பெருமைதானே?"

கோடு அகலமாக இருந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போடலாம். இதில் போட்டுவிட்டு வெளியே போனால் மாடிப்படியில் அந்த ஆள் எழுந்து நிற்பார். என்னக்கா ஆச்சு என்பார். நாலையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறார்கள் தம்பி என்று நான் சொல்ல வேண்டும். நாலா, நல்லதுக்கா என்று அவர் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

"நான்... போடலைன்னா என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டாள். விதண்டாவாதத்துக்காக அல்ல. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன ஆகுமா?" தர அதிகாரியின் சிரிப்பு முதல்முறையாகக் கொஞ்சம் நழுவியது. "விபரீதம் ஆகும். திருத்தின ரிப்போர்ட் செல்லாது. பழைய ரிப்போர்ட்டே நிக்கும். அது நின்னா, நாலாவது கேள்விக்கு ஆதாரம் சரியா இருக்குன்னு ஆயிடும். ஆதாரம் சரியா இருந்தா, ஒரு மணி நேரத்துல அலமாரியைத் திறந்தே ஆகணும்னு நம்ம விதியே சொல்லுது. தரச்சான்றுக் குழு வாசல்ல கால் வைக்கிற நேரம் பார்த்து, நாற்பது முப்பத்தொம்பதாகும். ஒரு வருஷப் பூஜ்யம் போயிடும்."

"அந்தப் பேஷண்ட்டுக்கு மருந்து கிடைச்சுடும்," என்றாள் தட்டக்கா மெதுவாக, கேட்டது சரிதானா என்று பார்ப்பவள்போல.

"அதைத்தானே சொல்றேன்! அவ்வளவு தூரம் போயிடும்!"

"உங்களுக்கும் நல்லதில்லை," என்றார் தலைவர். குரலை உயர்த்தவில்லை. "கட்டு போடுற துணி எண்ணுறதுக்குக் கிடங்குல ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்காங்க. தட்டுங்களை வெளியே எங்கயாவது அனுப்பிக்கலாம். நீங்களே முன்னாடி பூட்டு வேணும்னு கேட்டவங்களாமே? நாங்க உங்க சொல்லைத்தாம்மா காப்பாத்திக்கிட்டிருக்கோம்."

அது அவளை அடித்தது. ஆமாம், கேட்டேன். பூட்டு தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். நாளைக்கே பூட்டை உடைத்து ஜலதோஷத்துக்கு அள்ளிக் கொடுத்தால் இந்த வட்டமும் ஐந்து வருஷத்தில் ஆறாகிவிடும். ஆனால் பூட்டு வேண்டும் என்று சொன்னபோது என் மனதில் ஒரு முகம் இருந்தது. யாருடைய முகம் என்று அப்போது தெரியவில்லை. இந்த மாதிரி உதடு வெடித்த ஒரு முகம்தான்.

டாக்டரம்மா நகர்ந்து மருந்தறைக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். மருந்தறைக்காரர் கழுத்துச் சாவியைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, யோசித்துப் பார்த்து, கையை எடுத்துவிட்டார்.

வெளியே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம். தர அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அவங்கதான். ஒன்றரை மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க," என்றார்.

தலைவர் தன் பேனாவையே மூடி கழற்றி நீட்டினார். "சீக்கிரம் போடுங்கம்மா. யோசிக்க என்ன இருக்கு?"

தட்டக்கா பேனாவை வாங்கவில்லை. எழுந்து தட்டை மூடி, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

"இல்லை சார்," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "முதல் ரிப்போர்ட்டே இருக்கட்டும்."